பழைய முறைச் சவரமா, கார்ட்ரிஜ் ரேசரா? கழுத்துக் கொப்புளங்களோடு ஒரு கேள்வி

உட்லண்ட்ஸ் வாசி
சனிக்கிழமை, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 36 வயதாகிறது. சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவைக்காகப் புலாவ் தெக்கோங் தீவு முகாமுக்குப் போனபோது அம்மா வாங்கிப் பையில் வைத்த, பல பிளேடுகள் உள்ள தலையைக் கழற்றி மாற்றும் கார்ட்ரிஜ் ரேசரில் தொடங்கி, இன்றுவரை அதே வகையைத்தான் பயன்படுத்திவருகிறேன். முகாமில் எழுந்ததும் முகத்தை மழித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால், அன்று அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. பிறகு யோசிக்கத் தோன்றவும் இல்லை. இப்போது யோசிக்க இரண்டு காரணங்கள் வந்திருக்கின்றன.

முதலாவது, என் கழுத்து. தாடைக்குக் கீழே இருபுறமும் சிவந்த கொப்புளங்கள் ஓராண்டாக மாறி மாறி வருகின்றன. சட்டைக் கழுத்து உரசும் இடத்தில் சில நாள்களில் சீழும் வைக்கிறது. இரண்டாவது, சென்ற மாதம் ஈசூனில் பெற்றோர் இருந்த வீட்டைக் காலி செய்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவின் பொருள்களுக்கிடையே ஒரு மைலோ டின்னில் அவருடைய ரேசர் கிடைத்தது. அடியிலுள்ள குமிழைத் திருகினால் அதன் தலை இரண்டு கதவுகளைப்போல் திறக்கிறது. உள்ளே துருப்பிடித்த பிளேடு ஒன்று அப்படியே இருந்தது.

இணையத்தில் தேடினால், இப்படி ஒற்றை பிளேடு போடும் ரேசர், பிரஷ், சோப்பு என்ற பழைய முறைக்கு மாறினால் கொப்புளம் போய்விடும், பணம் மிஞ்சும், மனம் அமைதியாகும் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஒரு பிளேடு இவ்வளவையும் செய்யுமா, அல்லது இது நேரம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு மட்டும்தானா? மாறியவர்களும், மாறிவிட்டுத் திரும்பியவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.


நுரைப்பிரியன்
சனிக்கிழமை, இரவு 11.25

மாறி ஆறு ஆண்டுகள் ஆன ஒருவனின் பதில் இது. பற்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொப்புளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கார்ட்ரிஜில் முதல் பிளேடு முடியைப் பற்றி இழுத்தபடி வெட்டும்போது, முடி தன் குழியிலிருந்து சற்றே வெளியே வருகிறது. அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வந்து இன்னும் கீழே வெட்டிவிடுகிறது. முடிவில், வெட்டுப்பட்ட நுனி தோலின் மட்டத்துக்கும் கீழே போய் நிற்கிறது. முடி நேராக வளர்பவர்களுக்கு அது வழவழப்பான கன்னம். நம்மில் பலரைப்போலக் கழுத்து முடி சுருண்டு வளர்பவர்களுக்கோ, கூரான அந்த நுனி மேலே வரும் வழியில் வளைந்து பக்கவாட்டில் தோலைத் துளைத்துவிடுகிறது. உடல் அதை ஒரு முள்ளாகவே கருதி வீங்குகிறது. ஒற்றை பிளேடு அவ்வளவு ஆழமாக வெட்டுவதில்லை. உங்கள் கழுத்துக்கு அது உதவலாம் என்று நான் நினைப்பதற்கு அடிப்படை இவ்வளவுதான். இதில் மந்திரம் ஏதுமில்லை.

ஆனால் பிளேடை மட்டும் மாற்றிவிட்டுக் கையை மாற்றாவிட்டால் பயனில்லை. கார்ட்ரிஜின் தலை முகத்தின் வளைவுக்கேற்ப ஆடுவதால், எவ்வளவு அழுத்தினாலும் அது சமாளித்துக்கொள்ளும். பல ஆண்டுகளில் நமக்கு அழுத்தும் பழக்கம் ஊறிவிடுகிறது. பழைய ரேசரில் தலை ஆடாது. கோணத்தை, ஏறத்தாழ 30 பாகையில், நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கருவியின் எடையே வெட்டப் போதும் என்பதால், கையின் வேலை அதை வழிநடத்துவது மட்டுமே. கழுத்தில் முடி எந்தத் திசையில் வளர்கிறது என்பதை இரண்டு நாள் மழிக்காமல் விட்டு விரலால் தடவிப் பாருங்கள். எனக்கு இடப்பக்கம் கீழ்நோக்கியும், வலப்பக்கம் காதை நோக்கியும் வளர்கிறது. முப்பது ஆண்டுகளாக அது எனக்கே தெரியாது. வளரும் திசையிலேயே ஒருமுறை, பிறகு மறுபடியும் நுரை பூசிக் குறுக்காக ஒருமுறை. எதிர்த்திசையில் மழிக்கும் ஆசையைக் கழுத்து ஆறும்வரை மறந்துவிடுங்கள்.

நுரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. டப்பாவில் அழுத்தினால் வரும் நுரை பெரும்பாலும் காற்று. பிரஷைத் தண்ணீரில் ஊறவைத்து, உதறி, சோப்பின் மேல் அரை நிமிடத்துக்குக் குறையாமல் சுழற்றி, பிறகு முகத்திலேயே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக் குழைத்தால், தயிரின் பதத்தில் பளபளப்பாக ஒன்று வரும். தோசைமாவைப் பார்த்தே பதம் சொல்பவர்கள் வீட்டில் இருப்பார்களே, அதைப்போல இதுவும் ஒரு மாதத்தில் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். குளித்த பிறகு மழியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் நனைந்த முடி, உலர்ந்த முடியைவிட மிக எளிதாக வெட்டுப்படும்.

பிளேடில் ஒரு எச்சரிக்கை: ஜப்பானிய ஃபெதரைப் பலரும் புகழ்வார்கள். அது மிகவும் கூர்மையானது. முதல் மாதத்தில் தொடாதீர்கள்.


கணக்கப்பிள்ளை
ஞாயிற்றுக்கிழமை, காலை 8.05

பணம் மிஞ்சும் என்ற பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தொழிலால் கணக்காளன் என்பதால், இதற்கும் ஓர் ஏடு போட்டு வைத்திருக்கிறேன்.

கார்ட்ரிஜ் காலத்தில் ஒரு தலைக்கு 5 வெள்ளி 50 காசு கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு 26, ஆக 143 வெள்ளி. இப்போது நூறு பிளேடு உள்ள பெட்டியை 20 வெள்ளிக்கு வாங்குகிறேன். ஒரு பிளேடில் நான்கு முறை, வாரத்தில் ஆறு நாள் என்றால், ஆண்டுக்கு 78 பிளேடுகள், 15 வெள்ளி 60 காசு. ஆண்டுக்கு 127 வெள்ளி 40 காசு மிச்சம். இதுவரை இணையத்தில் சொல்வது சரிதான்.

இனி அவர்கள் சொல்லாதது. மூன்று ஆண்டுகளில் நான் ஏழு ரேசர்கள், ஐந்து பிரஷ்கள், பத்தொன்பது சோப்புகள் வாங்கியிருக்கிறேன். அவற்றின் மொத்த விலை 1,140 வெள்ளி. மேலே சொன்ன மிச்சத்தில் இதைத் திரும்ப எடுக்க ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆகும், இன்றோடு வாங்குவதை நிறுத்தினால். நிறுத்துவேன் என்று என் மனைவி நம்பவில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் சிறு பொட்டலங்களுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு; இதற்கு முன்பு 'வரியில்லாமல் வாங்கினேன்' என்று தேற்றிக்கொண்டிருந்தேன், அந்த ஆறுதலும் போயிற்று.

உட்லண்ட்ஸ் வாசிக்கு ஒரு சாதகம் இருக்கிறது. ரேசர் அப்பாவுடையது, இலவசம். தேக்கா கடைகளில் ஒரு சோப்பு, ஒரு சாதாரண பிரஷ், ஒரு பெட்டி பிளேடு. அதோடு நிறுத்திக்கொண்டால் முதல் ஆண்டிலேயே உங்களுக்குப் பணம் மிஞ்சும். இழையில் 'இந்த வார வரவு' என்று படம் போடுகிறவர்களின் பக்கம் போகாதீர்கள்.


ஜூரோங் இரவுப்பணி
ஞாயிற்றுக்கிழமை, காலை 11.50

நான் திரும்பி வந்தவன். எட்டு மாதம் பழைய முறையில் இருந்துவிட்டுக் கார்ட்ரிஜுக்கே வந்துவிட்டேன், அதற்காக வெட்கப்படவில்லை.

பன்னிரண்டு மணிநேர வேலை முறை எனக்கு. மாலை ஐந்தரைக்கு எழுந்தால் ஆறேகாலுக்கு நிறுவனப் பேருந்து. குளிக்கும்போதே, கண்ணாடியில்லாமல், கையால் தடவிப் பார்த்து நான்கு நிமிடத்தில் மழித்துவிடுகிறேன். பழைய ரேசரை அரைத்தூக்கத்தில் கண்ணாடியில்லாமல் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை தெரிந்துகொண்டேன், காதுமடலுக்குக் கீழே தழும்பு இருக்கிறது.

நுரைப்பிரியன் ஐயா சொன்ன விளக்கம் சரி. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. என் கழுத்திலும் கொப்புளங்கள் இருந்தன. அவற்றுக்குக் காரணம் ஐந்து பிளேடு இருந்தது மட்டுமல்ல. விலை அதிகம் என்று அந்தத் தலையை நான் இரண்டு மாதம் வைத்திருந்ததும், மழுங்க மழுங்க இன்னும் அழுத்தியதும், ஒரே இடத்தில் ஏழெட்டு முறை இழுத்ததும்தான். பழைய முறை கற்றுக்கொடுத்த மூன்றையும், அதாவது நன்றாக நனைப்பது, அழுத்தாமல் இழுப்பது, முடியின் திசையில் போவது ஆகியவற்றை, கார்ட்ரிஜிலேயே செய்து பார்த்தேன். தலையும் பத்து நாளுக்கொருமுறை மாற்றினேன். கொப்புளம் முக்கால்வாசி அடங்கியது. அப்படியானால் குணப்படுத்தியது பிளேடா, பொறுமையா?

இன்னொன்று. திருச்சிக்கு நான்கு நாள் போவதென்றால் பெரும்பாலும் கைப்பையோடு போகிறவன் நான். தனி பிளேடுகளைக் கைப்பையில் கொண்டுபோகவிடமாட்டார்கள், கார்ட்ரிஜ் போகும். சாங்கியில் ஒரு பெட்டி பிளேடைக் கொடுத்துவிட்டு வந்த அனுபவம் எனக்குண்டு.


கடையநல்லூர் வாரிசு
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.15

பிரஷும் சோப்பும் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. ரேசரைப் பற்றி ஆயிரம் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

மலிவான பிரஷ்களில் பல பன்றிமுடியால் ஆனவை. விலை உயர்ந்தவை பேட்ஜர் என்னும் வளைதோண்டி விலங்கின் முடியால் ஆனவை. எங்களைப் போன்ற முஸ்லிம் குடும்பங்களில் பன்றிமுடி என்ற பேச்சுக்கே இடமில்லை. சோப்பிலும் இதே கேள்வி வரும்: பழைய ஐரோப்பிய முறையில் செய்தவற்றில் மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ இருக்கும். பொருள் பட்டியலில் 'டாலோவேட்' என்று முடியும் சொல் இருந்தால் அது விலங்குக் கொழுப்பு. மாட்டிறைச்சி உண்ணாத என் இந்து நண்பர் ஒருவர், ஓராண்டாகக் கன்னத்தில் எதைப் பூசிக்கொண்டிருந்தார் என்பதை நான் படித்துக் காட்டிய அன்றுதான் அறிந்தார். தாவர எண்ணெயில் செய்த சோப்புகளும் கிரீம்களும் ஏராளமாக இருக்கின்றன. நுரையில் பெரிய குறையொன்றும் எனக்குத் தெரியவில்லை. கொழுப்புக்கு ஈடில்லை என்று வாதிடுவோர் உண்டு, அவர்கள் நாக்கு வேறு, என் நாக்கு வேறு என்பதுபோல விட்டுவிடுகிறேன்.

இன்றைய செயற்கை இழை பிரஷ் இந்தச் சிக்கலை முடித்துவிட்டது. நம் ஊரில் அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. இங்குள்ள ஈரக்காற்றில், சன்னல் இல்லாத குளியலறையில் விலங்குமுடி பிரஷ் காய இரண்டு நாள் ஆகிறது. நண்பருடையது அடியில் பூஞ்சை பிடித்து நாறியது. செயற்கை இழையை உதறித் தொங்கவிட்டால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும்.

தஞ்சோங் பகாரில் எங்கள் தாத்தா இருந்த காலத்தில், கடைவீடுகளின் முகப்பிலுள்ள ஐந்தடிப் பாதையில் நாற்காலி போட்டுச் சவரம் செய்வார்களாம். அவர் கடைசிவரை வீட்டில் மழித்துக்கொண்டதே இல்லை என்று வாப்பா சொல்வார். இவ்வளவு பேச்சும் அவர் காதில் விழுந்தால் சிரித்திருப்பார்.


தாதி
ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.30

மழித்துக்கொள்ளாத ஒருத்தி இந்த இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இருபது ஆண்டுகளாக மற்றவர்களின் முகத்தை மழித்துவிடும் வேலையும் எனக்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

உட்லண்ட்ஸ் தம்பி, சீழ் வைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உள்நோக்கி வளரும் முடியால் வரும் வீக்கம் வேறு, கிருமித் தொற்று வேறு. இரண்டும் ஒரே கழுத்தில் சேர்ந்தும் வரலாம். எந்த ரேசர் என்று தீர்மானிப்பதற்கு முன்பு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை சில வாரங்கள் மழிக்காமல், ட்ரிம்மரால் சற்று நீளம் விட்டு வெட்டிக்கொள்வது நல்லது. கொப்புளத்தின் மேல் எந்த பிளேடையும் ஓட்டாதீர்கள். ஊசியால் கிளறவும் வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்கும், கை நடுங்குபவர்களுக்கும் பழைய ரேசரைப் பொழுதுபோக்காகப் பரிந்துரைக்காதீர்கள். என் மாமனார் பக்கவாதத்துக்குப் பிறகும் தம்முடைய பழைய ரேசர்தான் வேண்டுமென்று அடம்பிடித்தார். அவருக்கு அது சவரம் மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்தது. ஆகவே சோப்பு, பிரஷ், கிண்ணம் மூன்றையும் அவர் கையில் கொடுத்தேன். நல்ல கையால் அவரே நுரை பூசிக்கொள்வார், பிறகு நான் கார்ட்ரிஜால் மழித்துவிடுவேன். மூன்றாம் வாரத்தில் சண்டை நின்றது.

படிகாரக்கல்லைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். சிறு கீறலில் ரத்தத்தை நிறுத்தும், உண்மை. ஆனால் ஒரே கல்லை அப்பாவும் மகனும் பயன்படுத்த வேண்டாம். பிளேடுக்கு உள்ள விதியேதான் அதற்கும்.


உட்லண்ட்ஸ் வாசி
நான்கு வாரம் கழித்து, சனிக்கிழமை, காலை 10.15

தாதி அக்கா சொன்னபடி மருத்துவரைப் பார்த்தேன். பூச்சு மருந்து கொடுத்தார். மூன்று வாரம் தாடியோடு அலுவலகம் போனேன். கழுத்து ஆறியபின், இன்று காலை அப்பாவின் ரேசரில் முதல் சவரம்.

முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மூன்று வெட்டு. மோவாயில் ஒன்று, மேலுதட்டின் ஓரத்தில் ஒன்று, கழுத்தெலும்புக்கு மேலே நீளமாக ஒன்று. முதல் இரண்டு நிமிடம் எல்லாரும் எழுதியதை நினைவில் வைத்திருந்தேன். மோவாய்க்கு வந்ததும் பழைய கை திரும்பிவிட்டது. கார்ட்ரிஜைப்போலவே அழுத்தி, பக்கவாட்டில் ஒரு சிறு இழுப்பும் இழுத்தேன். நுரையும் நான் குழைத்து முடிப்பதற்குள் பாதி காய்ந்துவிட்டது. படிகாரம் வைத்தபோது கண்ணில் நீர் வந்தது. பத்து வயது மகன் குளியலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 'தாத்தா இப்படித்தான் செய்வாரா?' என்று கேட்டான். இல்லை, தாத்தாவுக்கு ரத்தம் வராது என்றேன்.

இரண்டு கேள்விகள். பழைய பிளேடை எங்கே போடுவது? அடுக்குமாடியின் குப்பைக் குழாயில் போடக்கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது, மழித்தபின் பிளேடை எடுத்துத் துடைத்து வைத்தால் நீண்ட நாள் வருமா?


பழைய கத்தி
சனிக்கிழமை, பிற்பகல் 1.40

மனைவி சொன்னதே சரி. குழாயில் விழும் பை கிழிந்தால், கீழே அதை அள்ளுகிறவரின் கையைத்தான் பிளேடு முதலில் தேடும். கெட்டிப்பால் டின் ஒன்றைத் திறக்காமல், மேலே சிறு வெட்டு மட்டும் போட்டுப் பாலை வடித்துக் கழுவிக் காயவையுங்கள். பிளேடுகளை அந்த வெட்டு வழியே போட்டுவாருங்கள். என் டின் நான்கு ஆண்டாக நிறையவில்லை. நிறைந்தால் வாயை நாடாவால் ஒட்டிவிட்டுப் போடலாம். நம் குப்பை எரிக்கப்பட்டுச் சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. அதற்கு முன்பே சாம்பலிலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்கிறார்கள். அதனால் வெறும் எஃகான பிளேடுக்கு மறுபிறவி உண்டு. பிளாஸ்டிக்கும் ரப்பரும் எஃகும் ஒட்டிய கார்ட்ரிஜ் தலையைப் பிரித்தெடுக்க யார் இருக்கிறார்கள்?

துடைப்பதைப் பற்றி: பிளேடு மழுங்கத் துரு ஒரு காரணம்தான், பெரிய காரணம் அன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-இல் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். முடியைவிட எஃகு ஐம்பது மடங்கு கடினமானது; ஆனாலும் முடி சாய்ந்து வந்து விளிம்பில் படும்போது, எஃகின் அமைப்பு சீராக இல்லாத இடத்தில் சில்லு பெயர்ந்துவிடுகிறது. தேய்ந்து மழுங்குவதைவிட இப்படி உடைந்து மழுங்குவதே அதிகம். துடைப்பதால் அதைத் தடுக்க முடியாது. துடைக்கும்போது விரல் வெட்டுப்படும் வாய்ப்பு மட்டும் உறுதி. உதறி வையுங்கள், போதும்.

வரலாற்றில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் களத்தில் அடிக்கடி தவறாக எழுதப்படுகிறது. ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் லாபம் பார்ப்பது கிங் கேம்ப் ஜில்லெட்டின் தந்திரம் என்பார்கள். அவருடைய நிறுவனம் விற்பனையைத் தொடங்கிய 1903-இல் விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். ரேசரின் விலை 5 டாலர், அந்நாளில் அது பெரிய தொகை. காப்புரிமை 1921-இல் முடிந்து, போட்டியாளர்கள் வந்த பிறகே விலை இறங்கியது. அந்தத் தந்திரம் முழு வடிவம் எடுத்தது கார்ட்ரிஜில்தான். 1971-இல் இரண்டு பிளேடு, 1998-இல் மூன்று, 2003-இல் போட்டி நிறுவனத்தின் நான்கு, 2006-இல் ஐந்து. அவரவர் தலை அவரவர் கைப்பிடியில் மட்டுமே பொருந்தும். உங்கள் தந்தையின் ரேசரிலோ, இன்று உலகின் எந்த மூலையில் செய்த இருமுனை பிளேடையும் போடலாம்.

அந்த ரேசர் பெரும்பாலும் பித்தளையில் செய்து மேலே முலாம் பூசியதாக இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும், வினிகரில் ஊறவைக்காதீர்கள். இன்று விற்கும் மலிவான பலவற்றின் தலை துத்தநாகக் கலவை. முலாம் ஓரிடத்தில் விட்டால் நம் ஈரத்தில் அரிப்பு உள்ளே இறங்கிவிடும்.


சிராங்கூன் நாற்காலி
சனிக்கிழமை, இரவு 11.55

கடை சாத்திவிட்டு வந்து படித்தேன். நான் தொழில்முறையில் முடி திருத்துபவன். மன்னார்குடிப் பக்கம் சொந்த ஊர். சிங்கப்பூருக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன.

நுரைப்பிரியன் ஐயாவும் மற்றவர்களும் எழுதியதில் பிழை அதிகமில்லை. ஒன்று விட்டுப்போயிற்று: இடது கை. கத்தி பிடிக்கும் கையைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். தோலை இழுத்துப் பிடிக்கும் கைதான் பாதி வேலையைச் செய்கிறது. மோவாயில் வெட்டு விழுந்தது அழுத்தியதால் மட்டுமல்ல தம்பி, அங்கே தோல் குழைந்து கிடப்பதாலும்தான். உதட்டைப் பல்லின் மேல் இழுத்துக்கொண்டு, மோவாயைத் தட்டையாக்கிவிட்டுச் சிறு சிறு இழுப்பாக வாருங்கள். கழுத்துக்கு, தலையை அண்ணாந்து பார்க்காமல் சற்றே சாய்த்து, தோலை முடியின் போக்குக்கு எதிர்ப்பக்கமாக லேசாகப் பிடியுங்கள். இறுக்கி இழுத்தால் முடி ஆழமாக வெட்டுப்பட்டு மறுபடியும் கொப்புளம்தான். நுரை காய்ந்தது மின்விசிறிக்குக் கீழே நின்றதால் இருக்கும். ஈரக்கையால் ஒருமுறை தடவிவிட்டுத் தொடருங்கள்.

கடையில் நாங்கள் பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்திப்பிடியில் செருகுகிறோம். ஒருவருக்கு ஒரு பாதி, அடுத்தவருக்கு வேறு. தாதி அம்மா சொன்ன காரணமேதான். தோல்வாரில் தீட்டும் முழுக்கத்தியை ஊரில் என் தகப்பனார் வைத்திருந்தார்.

அவரைப் பற்றி எழுதலாமா என்று யோசித்து, எழுதுகிறேன். சவரக் கருவிப் பையான அடைப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கொல்லைப்புறத்தில் உட்காரவைத்துச் சவரம் செய்ய வேண்டும். திண்ணையில் ஏற முடியாது. அறுவடைக்கு நெல் அளப்பார்கள், கையில் காசு அபூர்வம். அவர் குழைத்த நுரையும், அவர் பார்த்த முடிப்போக்கும், அவர் வைத்த படிகாரமும்தான் இந்த இழையில் நீங்கள் எல்லாரும் எழுதியிருப்பவை. அவற்றைத் தெரிந்துவைத்திருந்ததற்காக அவரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். இன்று அதே வேலையை ஒருவர் தமக்குத் தாமே செய்துகொண்டு அதைக் கலை என்று எழுதும்போது, எனக்குக் கோபம் வருவதில்லை. முதல்முறை படித்தபோது மட்டும் திரையை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ரேசர் எது என்று என்னைக் கேட்டால், ஜூரோங் தம்பியின் நேரத்துக்கு கார்ட்ரிஜ் சரி. கழுத்தில் கொப்புளம் வருகிறவருக்கு ஒற்றை பிளேடு சரி. என் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், அவன் எதுவும் பயன்படுத்துவதில்லை, தாடி வளர்க்கிறான்.


நுரைப்பிரியன்
ஞாயிற்றுக்கிழமை, காலை 7.20

சிராங்கூன் அண்ணன் அவர்களுக்கு: உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 'பழைய முறை' என்று ஆறு ஆண்டுகளாக எழுதிவந்த நான், அது யாருடைய முறை என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இடது கையைப் பற்றி நீங்கள் எழுதியதை இன்று காலை செய்து பார்த்தேன். தாடையின் ஓரத்தில் இத்தனை நாளும் மூன்றாம் முறை இழுத்த இடத்தில் இரண்டே முறை போதுமானதாக இருந்தது.


உட்லண்ட்ஸ் வாசி
ஆறு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.10

நிலவரம் சொல்ல வந்தேன். வாரத்தில் மூன்று நாள், அதாவது புதன், சனி, ஞாயிறு, அப்பாவின் ரேசர். மற்ற நாள்களில் ட்ரிம்மரால் மட்டும் வெட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கார்ட்ரிஜ் கைப்பிடி ஊருக்குப் போகும் பைக்குள் இருக்கிறது. கழுத்தில் வலப்பக்கம் முழுவதும் தெளிந்துவிட்டது, இடப்பக்கம் காதுக்குக் கீழே இரண்டு மூன்று மிச்சம். வெட்டு விழுந்து பதினெட்டு நாள் ஆகிறது.

கணக்கப்பிள்ளை அவர்களுக்கு: இதுவரை செலவு 31 வெள்ளி. நேற்று ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த ரேசர் ஒன்றை இணையத்தில் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், வாங்கவில்லை.

ரேசரைச் சுத்தம் செய்தபோது, தலையின் அடியில் 'இங்கிலாந்தில் செய்தது' என்ற எழுத்து தெளிவாகத் தெரிந்தது. கைப்பிடியில் அப்பாவின் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் முலாம் தேய்ந்து மஞ்சளாக இருக்கிறது. என் விரல் அதற்கு அரை அங்குலம் மேலே படுகிறது. நான் பிடிப்பது தவறா என்று சிராங்கூன் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். எந்த நாளில் கடைக்கு வந்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?


சிராங்கூன் நாற்காலி
ஞாயிற்றுக்கிழமை, இரவு 11.40

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் தம்பி, விடுப்பில் வரும் ஊழியர்கள் வாசல்வரை நிற்பார்கள். செவ்வாய் காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். மூன்று நாள் மழிக்காமல் விட்டு வாருங்கள், ரேசரையும் கொண்டுவாருங்கள்; பள்ளி விடுமுறையாக இருந்தால் பையனையும் அழைத்துவாருங்கள்.